கலர் அடிக்கிற போட்டி போதும். பிள்ளைங்க கையில மாவையும் ஓலையையும் கொடுப்போம்



நவராத்திரி நெருங்குது. வழக்கம் போல ஆலயத்தில் கூட்டம் போட்டுப் பேசினோம். சிறுவர் நிகழ்ச்சின்னு பேச்சு வந்ததும் வழக்கம் போலவே ஒரே பதில்: "வர்ணம் தீட்டும் போட்டி வச்சிடலாம். மூணு பரிசு, பத்து ஆறுதல் பரிசு." தொண்டர்களா இருக்கிற நாங்க இந்தத் தடவை வேண்டாம்னு சொன்னோம். ஏன்னு பல பேர் கேட்டீங்க. வாட்சாப்ல ரெண்டு வரியில பதில் போட்டா சண்டை மாதிரி தெரியுது. அதனால இங்க கொஞ்சம் நீளமாவே எழுதுறோம். முழுசா படிங்க. அப்புறம் திட்டணும்னா திட்டுங்க.

முதல்ல அந்தப் போட்டி எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். இண்டர்நெட்ல இருந்து எடுத்த கார்ட்டூன் பிள்ளையார் படம். அதை 50 தாள் போட்டோகாப்பி எடுக்கிறோம். மண்டபத் தரையில பிள்ளைங்க குப்புறப் படுத்து கலர் அடிப்பாங்க. முதல் பத்து நிமிஷம் பிள்ளை அடிக்கும். அப்புறம் அம்மா பக்கத்துல வந்து உட்காருவாங்க. "இங்க வெள்ளை தெரியுது பாரு, கோட்டைத் தாண்டாதே" அப்படின்னு ஆரம்பிக்கும். கடைசி பத்து நிமிஷம் கிரையோன் அம்மா கையிலதான் இருக்கும். பிள்ளை கூரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். யாரையும் குத்திக் காட்டச் சொல்லல. பரிசுன்னு ஒண்ணு வச்சா எந்த அம்மாவுக்கும் கை சும்மா இருக்காது.

ஒரு நிகழ்ச்சியில ஒரு சின்னப் பையன் பிள்ளையார் முழுக்கப் பச்சைக் கலர் அடிச்சிருந்தான். நடுவரா வந்தவர் "பிள்ளையார் பச்சையாவா இருப்பாரு?"ன்னு கேட்டுட்டுத் தாளை ஓரமா வச்சிட்டாரு. பையன் ஒண்ணும் பேசல. சங்கடஹர சதுர்த்திக்கு மேல இருந்து கீழ வரைக்கும் அருகம்புல் சாத்தின பிள்ளையாரை அவன் பார்த்திருக்கலாம் இல்லையா? அவன் கண்ணால பார்த்ததைப் போட்டிருக்கலாம். கேட்க யாருக்கும் நேரம் இல்ல.

பரிசு கொடுத்து போட்டோ எடுத்ததும் அந்த 50 தாளும் என்ன ஆகுது? மண்டபத்தைக் கூட்டுறது நாங்கதான், அதனால எங்களுக்குத் தெரியும். கறுப்புப் பையில போட்டுக் கட்டி குப்பைத் தொட்டிக்குப் போகுது. அதுல ஒண்ணு கூட சாமி கிட்ட போகல. எங்க கருத்து இதுதான்: பிள்ளைங்க ஆலயத்தில் செய்யிற எந்தக் கைவேலையும், அன்னைக்கு சாயந்தரமே சாமிக்குப் பயன்படணும். அப்படிப் பயன்படுற வேலை நம்ம ஆலயத்திலேயே நிறைய இருக்கு. அதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்காம, போட்டோகாப்பி தாளைக் கொடுத்து ஓரமா உட்கார வைக்கிறோம்.

நம்ம ஊருல இது எப்படி இருந்துச்சுன்னு ஐம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு நல்லாத் தெரியும். செமோர், கந்தான், கிளேபாங், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் தோட்டத்துல பிறந்தவங்க நம்ம ஆலயத்தில் இன்னும் நிறைய பேர். அப்போ திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி கோயில் திடல்ல ஆம்பளைங்க எல்லாம் வட்டமா உட்கார்ந்து தோரணம் பின்னுவாங்க. நடுவுல குருத்தோலை குவிஞ்சு கிடக்கும். சின்னப் பிள்ளைங்க வேலை, ஓலையை மட்டையில இருந்து உரிச்சு நீட்டுறது. நீட்டிக்கிட்டே பார்ப்போம். மிஞ்சின ஓலையில பாம்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பீப்பின்னு செஞ்சு விளையாடுவோம். ரெண்டு திருவிழா போனா கை தானா மடிக்க ஆரம்பிச்சிடும். யாரும் "இன்னைக்குக் கலை வகுப்பு"ன்னு சொல்லிக் கொடுக்கல. லயத்து வாசல்ல அம்மா, அக்கா கோலம் போட்டாங்க. தொங்கல்ல ஒரு தங்கச்சி உட்கார்ந்து புள்ளி வச்சுப் பழகும். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

அப்புறம் தோட்டம் போச்சு. ரப்பர் இருந்த இடத்துல செம்பனை வந்துச்சு, சில இடத்துல தாமான் வந்துச்சு. நாம டெரஸ் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துட்டோம். வாசல் மண் போய் டைல்ஸ் வந்துச்சு. பின்னால தென்னை மரம் இல்ல. இது யாரு மேலயும் குறை இல்ல, காலம் அப்படி. ஆனா ஒரு விஷயத்தை கவனிக்கணும். வீட்டுல மண் தரையும் ஓலையும் இல்லாம போன பிறகு, இந்த வேலை எல்லாம் உயிரோட இருக்கிற ஒரே இடம் ஆலயம்தான். ஆலயமும் கைவிட்டா வேற இடம் இல்ல.

கைவிட்டுக்கிட்டுதான் இருக்கோம். பிளாஸ்டிக் தோரணத்தைப் பாருங்க. ஒரு தடவை வாங்கினா அஞ்சு வருஷம் வரும், கழுவி மடிச்சு வைக்கலாம், சிக்கனம். எல்லாம் சரி. ஓலைத் தோரணம் ரெண்டு மூணு நாள்ல காய்ஞ்சு பழுப்பாயிடும். அடுத்த விசேஷத்துக்குத் திரும்பவும் பின்னணும். அது குறைன்னு நினைச்சோம். உண்மையில, திரும்பத் திரும்பப் பின்ன வேண்டி இருந்ததாலதான் அந்த வேலை அப்பா கையில இருந்து மகன் கைக்குப் போச்சு. பிளாஸ்டிக் வாடவே வாடாது. அதனால யாரும் கத்துக்கத் தேவையே இல்லாம போச்சு. போன திருவிழாவுல நாங்க ஒரு கணக்குப் பார்த்தோம். நம்ம ஆலயத்தில் முறையா தோரணம் பின்னத் தெரிஞ்சவங்க நாலு பேர். நாலு பேருக்கும் அறுபதுக்கு மேல. அவங்க பின்னிக்கிட்டு இருந்தப்போ ஒரு பையன் வந்து, "அங்கிள், இது எந்தக் கடையில வாங்குனீங்க?"ன்னு கேட்டான். அவன் கண்ணு முன்னாலதான் பின்னிக்கிட்டு இருக்காங்க. இருந்தாலும் அது கையால செய்யிற பொருள்னு அவனுக்குத் தோணல. தமிழ்ப்பள்ளியில நாலாம் வகுப்பு படிக்கிற நல்ல கெட்டிக்காரப் பையன் அவன்.

இதுல இன்னொரு பிரச்சினையும் இருக்கு. கல்யாண வீட்டுத் தோரணம் வேற, துக்க வீட்டுத் தோரணம் வேற. மடிப்பும், தலை எந்தப் பக்கம் பார்க்குதுங்கிறதும் மாறும். தெரிஞ்சவங்க ஒரு பார்வையில சொல்லிடுவாங்க. அந்த நாலு பேருக்கு அப்புறம், அம்பாள் வாசல்ல எதைக் கட்டுறோம்னு சொல்ல யார் இருப்பா? யூடியூப்ல பார்த்துக் கட்டுறவங்களுக்கு அது தப்பா ஆச்சுன்னா யார் திருத்துவாங்க?

"இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கட்டுமே"ன்னு சிலர் சொல்றாங்க. பள்ளிக்கூடம் தன்னால ஆனதைச் செய்யுது. கலைப் பாடத்துல நாலு பிரிவு வச்சிருக்காங்க: படம் வரையறது, அலங்கார வடிவம் உருவாக்குறது, உருவம் செஞ்சு கட்டுறது, பாரம்பரிய கைவினையைத் தெரிஞ்சுக்கிறது. நல்ல திட்டம். பத்திக், பாய் முடையறது, வாவ் பட்டம்னு நாட்டோட கைவினையை எல்லாம் பிள்ளைங்க தெரிஞ்சுக்கிறாங்க. ஆனா ஒரு வகுப்புல முப்பது பிள்ளைங்க, வாரத்துல கொஞ்ச நேரம். அதுல ஒரு ஆசிரியர் எத்தனை கைகளைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்க முடியும்? அதோட, நாம பெற்றோரும் அந்தப் பாடத்தை மதிச்சதே இல்ல. யூ.பி.எஸ்.ஆர் இருந்த காலத்துல ஆறாம் வகுப்புன்னாலே கலைப் பாடம் கணக்குப் பாடமா மாறிடும், நாமளும் சந்தோஷப்பட்டோம். 2021ல அந்தப் பரீட்சையையே எடுத்துட்டாங்க. பரீட்சை போச்சு, டியூஷன் மட்டும் போகல. சனிக்கிழமை காலையில மூணு டியூஷன், சாயந்தரம் கைப்பேசி. கைக்கு எங்க வேலை?

எங்கள்ல பாதிப் பேர் கம்பெனியில வேலை பார்க்கிறவங்க, லைன்ல ஆளுங்களை வச்சு வேலை வாங்குறவங்க. புதுசா வர்ற பசங்க புத்திசாலிங்க, சான்றிதழ் எல்லாம் இருக்கு. ஆனா ஒரு ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினா போதும்னு விரலுக்குத் தெரியாது. கண்ணளவுல பாதியைக் காட்டச் சொன்னா தடுமாறுவாங்க. கண்ணு பார்க்கிறதைக் கை செய்யிறதுக்கு சின்ன வயசுல பழக்கம் வேணும். அதை இருபது வயசுல கம்பெனி சொல்லிக் கொடுக்கிறது ரொம்பக் கஷ்டம். இது எங்க அனுபவம்.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்யலாம்னு சொல்றோம். ஒன்பது நாளும் சாயந்தரம் பூஜைக்கு முன்னால முக்கால் மணி நேரம். எல்லாமே சுலபமானது, செலவு கம்மி, பிள்ளைங்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

1. மஞ்சள் பிள்ளையார்

உலகத்திலேயே இதை விட சுலபமான சிற்பம் இருக்கான்னு தெரியல. மஞ்சள் தூளில் சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுப் பிசைஞ்சு, மூணு விரலால கூம்பா பிடிச்சா பிள்ளையார். தலையில ஒரு அருகம்புல், நெற்றியில ஒரு குங்குமப் பொட்டு. தும்பிக்கை வேண்டாம், காது வேண்டாம். மூணு வயசுப் பிள்ளை கூட ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிடும். எந்தப் பூஜைக்கும் முதல்ல கும்பிடுற சாமி இவர்தான். நாம பிடிச்ச பிள்ளையாருக்கு குருக்கள் பூ போடுறதைப் பார்க்கிற பிள்ளையோட முகத்தை கற்பனை பண்ணிப் பாருங்க. தண்ணி அதிகமானா சாய்ஞ்சிடும், குறைஞ்சா வெடிச்சிடும். அதைக் கை ஒரு தடவையில கத்துக்கும். பழைய சட்டை போட்டு அனுப்புங்க, மஞ்சள் கறை லேசுல போகாது.

2. புள்ளிக் கோலம்

முதல்லயே தரையில வேண்டாம். எவர்சில்வர் தட்டுல பொடி உப்பைப் பரப்பி விரலால பழகட்டும். தப்பானா தட்டை ஒரு ஆட்டு ஆட்டினா அழிஞ்சிடும். ஒண்ணு, மூணு, அஞ்சு, மூணு, ஒண்ணு: 13 புள்ளியில ஆரம்பிக்கலாம். சிக்குக் கோலத்துக்கு சட்டம் ரொம்ப எளிது. கோடு புள்ளியைத் தொடக் கூடாது, சுத்திப் போகணும். ஒரு புள்ளியையும் விடக் கூடாது. ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரணும். கை பழகினதும் வாசல்ல அரிசி மாவு.

"இதுல என்ன படிப்பு இருக்கு?"ன்னு கேட்கிற அப்பாக்களுக்கு ஒரு தகவல். 1970களில் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணிதமா ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரு சின்ன வடிவத்தில் இருந்து பெரிய கோலம் எந்த விதிப்படி வளருதுன்னு பார்த்து, அதைக் கணினி மொழிக்கு இலக்கணம் எழுதுற மாதிரி எழுதினாங்க. 1974ல அந்தக் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்துச்சு. பின்னால மார்சியா ஆஷர்ங்கிற அமெரிக்கக் கணிதப் பேராசிரியரும் 2002ல கோலத்தைப் பற்றி எழுதினாங்க. நம்ம பாட்டிமார் விடியக்காலையில குனிஞ்சு போட்டது கோடிங் மாதிரிதான். கோடிங் வகுப்புக்குக் காசு கட்டுறோம். இது சும்மா கிடைக்குது.

பையன்களும் கோலம் போடணும். இதை அழுத்திச் சொல்றோம். அதே மாதிரி பொண்ணுங்களும் தோரணம் பின்னணும். தோட்டத்துல பிரிச்சு வச்சிருந்தோம், இருக்கட்டும். இப்ப இருக்கிற நாலு பேரை வச்சுக்கிட்டு பிரிக்க நமக்கு வசதி இல்ல.

3. அடுப்படிச் சாயம்

வண்ண அரிசிக் கோலம் எல்லாருக்கும் தெரியும். தீபாவளி நேரத்துல ஷாப்பிங் மால்ல பெருசா போடுறாங்க. கலரைக் கடையில வாங்காம பிள்ளைங்களே செய்யட்டும். மஞ்சள் தண்ணியில மஞ்சள். பாண்டான் இலையை அரைச்சுப் பிழிஞ்சா பச்சை. வேலியோரம் படர்ந்திருக்கிற சங்குப்பூவை வெந்நீர்ல போட்டா நீலம். அந்த நீலத்துல எலுமிச்சை சொட்டு விட்டா ஊதாவா மாறும். மஞ்சள் தண்ணியில சமையல் சோடா கொஞ்சம் போட்டா சிவப்புப் பக்கம் திரும்பும். ஆரத்திக்கு நாம மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கிறோமே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு கையைப் பொத்துடும், அதனால பிள்ளைங்களுக்கு சோடா போதும். பிளாஸ்டிக் பையில உடைஞ்ச அரிசியைப் போட்டு ரெண்டு கரண்டி சாயம் ஊத்திக் குலுக்கணும். குலுக்கிற வேலைக்குப் பிள்ளைங்க சண்டை போடுவாங்க. பழைய பேப்பர்ல பரப்பி ஒரு ராத்திரி காய விட்டா மறுநாள் கோலத்துக்கு ரெடி.

4. மாவிளக்கு

ஊற வச்சு இடிச்ச அரிசி மாவு, வெல்லம், கொஞ்சம் ஏலக்காய். பிசைஞ்சு உருட்டி, கட்டை விரலால நடுவுல ஒரு குழி. நெய் ஊத்தித் திரி போட்டா அம்பாளுக்கு விளக்கு. பிள்ளைங்க கையில களிமண் கொடுத்து அகல் செய்யச் சொன்னா, சுடாத மண்ணு எண்ணெயைக் குடிச்சு ஊறிப் போகும். வீணா மனசு உடைஞ்சிடும். மாவிளக்கு அப்படி இல்ல. அன்னைக்கே எரியும், அன்னைக்கே பிரசாதம். கை கழுவுறது, நகம் வெட்டியிருக்கிறது, பிசையும் போது வாயில வைக்காம இருக்கிறது, இதெல்லாம் சொல்லாமலே பாடமா வந்துடும். விளக்கு ஏத்துறது மட்டும் பெரியவங்க.

மண் வேலை பிடிச்ச பிள்ளைங்களுக்கு வேற ஒரு நாள் வைக்கலாம். பக்கத்துல கோலகங்சார்தானே. அங்க சாயோங் கிராமத்துல மண்ணுல லாபு சாயோங் தண்ணிக் கூஜா செய்யிறாங்க. சுட்ட சூட்டோட நெல் உமியில போட்டுக் கறுப்பாக்குறாங்க. மலாய்க்காரங்க தங்க கைவேலையைப் பேர் சொல்லிக் காட்டுற அளவுக்குக் காப்பாத்தி வச்சிருக்காங்க. பள்ளி விடுமுறையில ஒரு வேன் போட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். பார்த்து நாமளும் கத்துக்கலாம்.

5. பூத் தொடுக்கிறது

ஆறேழு வயசுக்கு ஊசி வேண்டாம். ஈர்க்குல சாமந்தியைக் கோர்க்கட்டும். ரெண்டு மஞ்சள், ஒரு வெள்ளைன்னு வரிசை மாறாம கோர்த்தாலே போதும். பத்து வயசுக்கு மேல வாழைநார்ல முடிச்சுப் போட்டுத் தொடுக்கலாம். பூவை மோந்து பார்க்கக் கூடாது, காலுக்கு மேல தாண்டக் கூடாதுன்னு பாட்டிமார் சொல்லும்போது பிள்ளைங்களுக்கு பக்தி எதுன்னு தனியா வகுப்பு எடுக்க வேண்டியதில்ல.

6. ஓலை

இதுதான் முக்கியம். கத்தி பெரியவங்க கையில, மடிப்பு பிள்ளைங்க கையில. சின்னவங்க பாம்பும் காத்தாடியும் செய்யட்டும். மடிப்பு கைக்கு வந்ததும் தோரணம். அந்த நாலு பெரியவங்களும் ஆளுக்கு அஞ்சு பிள்ளைங்களைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டா ஒன்பது நாள்ல இருபது பேர். எல்லாரும் தேற மாட்டாங்க. அஞ்சு பேர் தேறினாலும் அடுத்த முப்பது வருஷத்துக்குக் கவலை இல்ல.

7. ரப்பர் கொட்டைக் காத்தாடி

இது சாமிக்கு இல்ல, சும்மா குஷிக்கு. விஜயதசமி அன்னைக்கு வச்சுக்கலாம். கொட்டையில மேல ஒரு ஓட்டை, கீழ ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு போட்டு, உள்ளே இருக்கிற பருப்பை எடுத்துட்டு, ஒரு குச்சியைச் சொருகி, குச்சியில நூலைக் கட்டிப் பக்கத்து ஓட்டை வழியா வெளிய இழுக்கணும். மேல காத்தாடி இலை. நூலை இழுத்து விட்டா முன்னும் பின்னும் சுத்தும். தோட்டத்துல வளர்ந்த தாத்தாமாருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஓட்டையைப் பெரியவங்க போடணும். பருப்பைப் பிள்ளைங்க கடிக்காம பார்த்துக்கணும், பச்சையா சாப்பிட்டா விஷம். இந்தியாவில் அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், ஐ.ஐ.டி.யில் படிச்ச இன்ஜினியர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வச்சே பிள்ளைங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தாரு. 2018ல அவருக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தாங்க. நம்ம தாத்தாமாருக்கு விருது இல்ல. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், சுத்தி உட்கார நாலு பிள்ளைங்களும் கொடுத்தா போதும்.

இப்ப எதிர்ப்புகளுக்கு வருவோம். கூட்டத்தில் வந்தது, வெளியில வந்தது எல்லாத்துக்கும் நேர்மையா பதில் சொல்றோம்.

"கோயில் பக்திக்கு, கைவேலை செய்ய பாலர் பள்ளி இருக்கு." இதைச் சொன்னவர் வயசுல பெரியவர், மரியாதையோடயே சொல்றோம். நம்ம நாயன்மார் வரிசையைப் பாருங்க ஐயா. திருநீலகண்டர் குயவர். நேச நாயனார் நெசவாளர். திருப்புகலூர் முருக நாயனார் தினம் பூ பறிச்சு மாலை தொடுத்ததுதான் அவர் செஞ்ச தொண்டு. அப்பர் சுவாமிகள் கையில இருக்கிறது உழவாரம். கையால செஞ்ச வேலையை நம்ம சமயம் பக்திக்கு வெளியே வைக்கவே இல்ல.

"மண்டபம் அழுக்காகும்." ஆகும். பழைய பெட்ஷீட் விரிப்போம், கூட்டிக் கழுவுறது எங்க பொறுப்பு. போட்டி முடிஞ்சாலும் நாங்கதான் கூட்டுறோம்.

"பரிசு இல்லன்னா பிள்ளைங்க வராது." முதல் நாள் கம்மியாத்தான் வருவாங்கன்னு நாங்களும் நினைக்கிறோம். ஆனா தான் தொடுத்த மாலை சாமி கழுத்துல இருக்கிறதைப் பார்த்த பிள்ளை மறுநாள் வராம இருக்குமா? ஹேம்பருக்குப் போற 600 வெள்ளியில நாலில் ஒரு பங்கு கூட இந்த ஏழு வேலைக்கும் ஆகாது. மிச்சக் காசை அன்னதானத்துல சேருங்க.

"எங்களுக்கே கோலம் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித் தர்றது?" இளம் அம்மாக்கள் சிலர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னாங்க. பிள்ளையோடயே நீங்களும் உட்காருங்க. வெள்ளிக்கிழமை பின் வரிசையில உட்கார்ந்திருக்கிற பாட்டிமார் இருக்காங்க. வர்றாங்க, கும்பிடுறாங்க, ஒரு மூலையில உட்கார்ந்துட்டுப் போறாங்க. அவங்ககிட்ட யாரும் எதையும் கேட்கிறது இல்ல. ஒன்பது நாளும் அவங்கதான் டீச்சர்.

கடைசியா, பெரிய எதிர்ப்பு. "பிள்ளைங்க செய்யிறது கோணல் மாணலா இருக்கும். டத்தோ வர்றாரு, மத்த ஆலயத்துக்காரங்க வர்றாங்க. வாசல்ல அதைக் கட்டி வச்சா நல்லா இருக்குமா? வேணும்னா பின்னால சமையல் கொட்டாயில கட்டிக்கங்க." இதுல மட்டும் நாங்க விட்டுக் கொடுக்கிறதா இல்ல. பிள்ளை செஞ்சதைப் பின்னால ஒளிச்சு வச்சா, அது அந்தப் போட்டோகாப்பி தாளை விட மோசம். "உன் கை வேலை ஆளுங்க பார்க்கிற இடத்துக்கு லாயக்கில்ல"ன்னு பத்து வயசுலயே சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் இருபது வயசுல "இளைஞர்கள் ஆலயத்துக்கு வர்றதே இல்ல"ன்னு நாமளே மேடையில பேசுவோம்.

எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் ஒத்துக்கிறோம். மூலஸ்தான அலங்காரம் குருக்கள் வேலை. அதுல யாரும் தலையிடல. தோரணம் சரியான முறையில் இருக்கான்னு கட்டுறதுக்கு முன்னால பெரியவங்க பார்த்துத் திருத்தணும். முறை தப்பாகக் கூடாது. ஆனா மடிப்பு கொஞ்சம் கோணலா இருக்கிறது முறை தப்பு இல்ல. அம்பாள் கோவிச்சுக்க மாட்டா. டத்தோ கோவிச்சுக்கிட்டா நாங்க சமாதானம் சொல்லிக்கிறோம்.

பெற்றோர்கிட்ட மூணு வேண்டுகோள். ஒண்ணு, பிள்ளை செய்யும்போது நீங்க கை வைக்காதீங்க. கேட்டா மட்டும் சொல்லிக் கொடுங்க. ரெண்டு, பக்கத்துப் பிள்ளையோட ஒப்பிட்டுப் பேசாதீங்க. மூணு, "நல்லா இருக்கு"ன்னு சும்மா சொல்றதுக்குப் பதிலா "இதை எப்படிச் செஞ்சே?"ன்னு கேளுங்க. பிள்ளை விவரமா சொல்லும். காரில் வீட்டுக்குப் போற வரைக்கும் சொல்லும்.

நிர்வாகத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. இந்த ஒரு வருஷம் முயற்சி பண்ண அனுமதி கொடுங்க. ஒன்பது நாள் முடிஞ்சதும் பிள்ளைங்களையே கேட்போம். போட்டிதான் வேணும்னு அவங்க சொன்னா, அடுத்த வருஷம் தாளைப் போட்டோகாப்பி எடுத்துக் கொடுக்கிறது எங்க பொறுப்பு.

எங்களுக்குத் தேவைப்படுறது:

வீட்டுல தென்னை மரம் இருக்கிறவங்க, குருத்தோலை கொடுக்க முடியும்னா சொல்லுங்க. ஏறி வெட்ட ஆள் இருக்கு.

பழைய பெட்ஷீட், பழைய பேப்பர், எவர்சில்வர் தட்டு.

வேலியில சங்குப்பூ இருந்தா காலையில பறிச்சுக் கொண்டு வாங்க.

செம்பனைக் காட்டோரம் இன்னும் ரப்பர் மரம் நிக்கிற இடம் தெரிஞ்சவங்க, கொட்டை பொறுக்க வழி காட்டுங்க.

கோலம், தோரணம், பூத் தொடுத்தல் இதுல ஒண்ணு தெரிஞ்ச பாட்டி, தாத்தா வீட்டுல இருந்தா தயவு செஞ்சு ஆலயத்துக்குக் கூட்டிட்டு வாங்க. முட்டி வலின்னா நாற்காலி போடுறோம். வண்டி இல்லன்னா நாங்களே வந்து ஏத்திக்கிறோம்.

பேர் கொடுக்க விரும்புறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மடப்பள்ளி பக்கத்துல எங்களைப் பாருங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் அங்கேயே வந்து சொல்லுங்க, டீ குடிச்சிக்கிட்டே பேசுவோம்.

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள், செமோர்